ஒன்றை மாற்றி, ஒருமுறை பார்ப்பவர்

இதைப் படிக்கிறவரே, உங்களைச் சாட்சியாக வைத்துக்கொண்டு பேசுகிறேன். நான் மேடையில் வளர்ந்தவன். பட்டிமன்றம், வழக்காடு மன்றம், சொற்போர் என்று திண்டுக்கல்லில் நான் ஏறாத மேடை குறைவு. என் வீட்டு அலமாரியில் சுழற்கோப்பைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. மூன்று நிமிடம் கொடுத்தால் ஒரு மனிதரை உச்சியில் ஏற்றவும், அதே மூன்று நிமிடத்தில் தரையில் சாய்க்கவும் பயிற்சி பெற்றவன். ஆகவே என் சொல்லை அப்படியே நம்பிவிடாதீர்கள். எங்கே குரலை உயர்த்துகிறேன், எங்கே நழுவுகிறேன் என்று கவனித்துக்கொண்டே வாருங்கள். நான் சொல்லப்போவது ஒரு பெண்ணைப் பற்றி. அவர்மீது எனக்குள்ள கோபம் இன்னும் தணியவில்லை. என்மீது எனக்குள்ள கோபத்தைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் தெருக்கோடியில், கத்தோலிக்கச் சிற்றாலயத்தை ஒட்டி ஒரு படிப்பகம் உண்டு. அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலை முதல் மாலை வரை அங்கே அமர்ந்திருப்பார்கள். அதன் பொறுப்பாளராகச் சில ஆண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்தவர் அவர். முப்பதைத் தாண்டிய வயது. கட்டடத்தின் பின்புறம் இருந்த ஒற்றை அறையில் தங்கிக்கொள்ள நிர்வாகக் குழு இடம் கொடுத்திருந்தது. அவரிடம் இருந்த வளையத்தில் இரண்டு சாவிகள்: ஒன்று படிப்பகத்துக்கு, மற்றொன்று அந்த அறைக்கு.

அவரை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஒன்றை மாற்றுவார், ஒருமுறை பார்ப்பார். பார்த்து முடிக்கும்வரை இரண்டாவதைத் தொடமாட்டார். கருத்தும் சொல்லமாட்டார்.

திருவிழாச் சமபந்தி விருந்துக்கு அண்டாவில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உப்பும் பற்றவில்லை, புளியும் பற்றவில்லை என்று சமையலுக்கு நின்ற பெண்கள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். இவர் உப்பை மட்டும் போட்டுக் கிளறிவிட்டு, கரண்டியும் கையுமாக நின்றார்.

"ஏண்டி, புளியையும் சேத்து ஊத்துனா கொறஞ்சா போயிருவ?"

"ரெண்டையும் சேத்துப் போட்டு ருசி கெட்டுப்போச்சுன்னா, எதுனால கெட்டுச்சுன்னு சொல்லுவீங்க?"

"சனம் எலயப் போட்டு உக்காந்திருச்சு. இவ இங்கன டாக்டரு மாதிரி நாடி பிடிச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிறா."

"செத்த நேரம் பொறுங்கக்கா. பாத்துட்டுச் சொல்றேன்."

அன்று குழம்புக்குப் புளி தேவைப்படவே இல்லை. உப்பு ஏறியதும் புளிப்புத் தானே தெரிந்தது. ஆனால் பந்தி தாமதமானதும் உண்மை. பசியோடு உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த வீட்டுப் பெண்மணி ஒருநாள் குழாயடியில் வெடித்தார். குடத்தை முந்தி வைத்தது, துணி காயப்போடும் கயிறு, திறந்தே கிடக்கும் ஜன்னல், போன வருடம் யாரோ யாரிடமோ சொன்ன பேச்சு என்று அத்தனையையும் ஒரே மூச்சில் கொட்டினார். சண்டைக் கலையில் அது நல்ல அடுக்கு, நானே ரசித்தேன். இவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அம்புட்டையும் கேட்டுக்கிட்டேன். மொதல்ல கொடத்தப் பேசுவோம். அது முடியட்டும், கயித்துக்கு வாரேன்."

"இவ என்னடி, கோர்ட்டு மாதிரி ஒவ்வொண்ணுக்கும் வாய்தா குடுக்குறா" என்று அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

நெய்க்காரப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவர், கணவர் வீட்டைவிட்டு ஏன் வந்தார் என்று எல்லாருக்கும் அறிய ஆவல். குழுவின் செயலாளர் நேரடியாகவே கேட்டுவிட்டார். "ஒவ்வொண்ணா மாத்திப் பாத்தேன் சார். பேச்ச மாத்தினேன், சமையல மாத்தினேன், பொறுமையக் கூட்டினேன். கடைசியா வீட்ட மாத்தினேன். சரியாப் போச்சு" என்றார்.

சேவுகம்பட்டியில் அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். வேலை இருக்கும்வரை தங்கை டவுனில் தனியாக இருக்கலாம். வேலை போன அன்றே மூட்டையைக் கட்டிக்கொண்டு தன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது அண்ணனின் நிபந்தனை. அந்த இரண்டு சாவிகளும் கையில் இருக்கும்வரைதான் தன் காலில் நிற்க முடியும் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆக, எனக்கு எல்லாம் தெரியும். இதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூரில் ஒரு நிறுவனம் தாங்கள் கழித்துக்கட்டிய பத்துக் கணினிகளைப் படிப்பகத்துக்கு அன்பளிப்பாக அனுப்பியது. அவற்றில் இருந்த பழைய மென்பொருளுக்கு உரிமம் தீர்ந்திருந்தது. விலையில்லாத லினக்ஸை ஏற்றிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. ஏற்ற முடியுமா என்று குழு கேட்டதற்கு, "பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

முதல் பெட்டிக்கு நான்கு நாள் ஆயிற்று. லினக்ஸ் ஒழுங்காக ஏறும். மறுபடி இயக்கினால் கறுப்புத் திரையில், துவக்குவதற்கு வன்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், எதுவும் இல்லை என்று ஒற்றை ஆங்கில வரி வரும். இவர் அமைப்புப் பக்கத்துக்குள் போவார், ஒன்றை மாற்றுவார், சேமிப்பார், இயக்குவார். கறுப்புத் திரை. மாற்றியதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவார். ஒரு நீள நோட்டில் மூன்று பத்தி கோடிட்டு, பெட்டி எண், மாற்றியது, பார்த்தது என்று எழுதிக்கொண்டே வருவார். பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு உடம்பெல்லாம் எரியும்.

"அக்கா, ஒரு பொட்டிக்கு நாலு நாளு. பத்துப் பொட்டிக்கு நாப்பது நாளா? தவக்காலமே முடிஞ்சிரும் போலயே" என்றேன்.

"மொதப் பொட்டிக்குத்தான் நாலு நாளு, பேச்சாளரே. காரணம் தெரிஞ்சுட்டா மத்ததுக்கெல்லாம் அர மணி நேரம்."

காரணம் தெரிந்தது. இயக்கும்போது வருகிற பட்டியலில், லினக்ஸை ஏற்றப் பயன்படுத்திய பென்டிரைவின் பெயர் இரண்டு தடவை இருந்தது. மேல் வரியைத் தேர்ந்தால் பழைய முறையில் எழும். கீழ் வரியைத் தேர்ந்தால் புதிய முறையில் எழும். இவர் மேல் வரியில் எழுப்பி லினக்ஸை ஏற்றியிருந்தார். கணினியின் மதர்போர்டோ புதிய முறைக்கு வைக்கப்பட்டிருந்தது. அது எழுந்ததும் முதலில் தன் சொந்த நினைவில் உள்ள ஒரு வரியைத்தான் படிக்கும். எந்த வன்தட்டில் எந்தக் கோப்பைத் திறப்பது என்பதும், அந்த வன்தட்டின் அடையாள எண்ணும் அந்த வரியில் இருக்கும். பழைய முறையில் ஏற்றியதால் அப்படியொரு வரி எழுதப்படவே இல்லை. "வீடு கட்டியாச்சு தம்பி. வழி சொல்ல ஆளு இல்ல, அம்புட்டுத்தான்" என்றார் அவர். கீழ் வரியில் எழுப்பி மறுபடி ஏற்றினார். சொன்னபடியே மற்ற ஒன்பதும் இரண்டு நாளில் முடிந்தன. பத்துப் பெட்டிகளிலும், உள்ளிருந்த பத்து வன்தட்டுகளிலும் பென்சிலால் எண் எழுதிவைத்தார்.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. தொகுப்புரை என்னுடையது. சனிக்கிழமை அவர் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து என்று சேவுகம்பட்டிக்குப் போனார். சாவியை என்னிடம் தந்து, "எல்லாம் பாத்தாச்சு தம்பி. ஒண்ணையும் தொட வேணாம்" என்றார்.

தொட்டோம், நானும் மன்றத்து நண்பர்களும். எங்கள் சொற்போர் மன்றத்தின் சின்னத்தைப் பத்துத் திரைகளிலும் முகப்புப் படமாகப் போடவேண்டும் என்று எனக்கு ஆசை. ஒலிவாங்கியைப் பிடித்த ஒரு கை. அதன் கீழே மன்றச் செயலாளர் என்று என் பெயர். ஒவ்வொரு பெட்டியாக உட்கார்ந்து போட்டால் மாலையாகிவிடும். பத்தாம் பெட்டிதான் இருப்பதிலேயே வேகமானது. அதில் இன்னொரு வன்தட்டை மாட்டவும் இடம் இருந்தது. மற்ற ஒன்பது பெட்டிகளின் வன்தட்டுகளையும் கழற்றி மேசையில் குவித்தோம். ஒவ்வொன்றாகப் பத்தாம் பெட்டியில் இணைத்துப் படத்தை எழுதினோம். பிறகு கையில் வந்ததை எடுத்து, முன்னால் நின்ற பெட்டியில் மாட்டித் திருகினோம். பென்சில் எண்ணை யாரும் பார்க்கவில்லை. எழுப்பிப் பார்க்கவும் இல்லை. வாசலில் சீரியல் விளக்குக் கட்டவேண்டியிருந்தது.

ஞாயிறு காலை, பூசை முடிந்து கூட்டம் திரண்டிருந்தது. பங்குச்சாமியார், கணினி தந்த நிறுவனத்தின் அதிகாரி, பிள்ளைகள், பெற்றோர், காலைப் பேருந்தில் வந்து இறங்கி ஓரமாக நின்றிருந்த அவர். சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். பிள்ளைகள் பத்துப் பொத்தான்களையும் அழுத்தினார்கள். பத்தாம் பெட்டி எழுந்தது. ஒன்பது திரைகள் கறுப்பாகவே நின்றன.

கூட்டத்தில் ஒரு முனகல் கிளம்பியது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அவமானம் தாங்கவில்லை. என் கையில் ஒலிவாங்கி இருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் வன்தட்டுகளைக் கழற்றியது என் நினைவில் இல்லை. படம் போட்டதற்கும் கறுப்புத் திரைக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இது வாதமாகாது. தெரியாதவன் சும்மா இருந்திருக்க வேண்டும். நான் பேசினேன். என் வாழ்நாளில் அப்படிப் பேசியதில்லை. ஒரு மாதமாக இந்த அறையின் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டேன். நான்கு நாள் ஒரே பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன நடந்தது என்று கேட்டேன். ஏழைப் பிள்ளைகளின் எதிர்காலம் யாருடைய விளையாட்டுப் பொருள் என்று கேட்டேன். இறுதியில் குரலைத் தாழ்த்தி, இடைவெளி விட்டு, ஒவ்வொரு சொல்லாக இறக்கினேன்: "இந்தப் பெட்டிகளுக்குள் இருந்தவையெல்லாம் இன்னும் உள்ளேதான் இருக்கின்றனவா?"

கைதட்டல் எழுந்தது. உங்கள் காதில் விழுகிறதா அந்தக் கைதட்டல்? எனக்கு இன்னும் விழுகிறது. குற்றமாகச் சொன்னால் சான்று கேட்பார்கள். கேள்வியாகக் கேட்டால் கைதட்டுவார்கள். அதை எனக்குக் கற்றுக்கொடுத்த ஒவ்வொரு மேடையையும் இன்று சபிக்கிறேன். கைதட்டியவர்களையும் விட்டுவைக்கப் போவதில்லை. அவர் கையால் விண்ணப்பம் நிரப்பி வாங்கிய பிள்ளைகள் அதில் இருந்தார்கள். அவர் ருசி பார்த்த குழம்பைத் தின்றவர்கள் இருந்தார்கள்.

அவர் முன்னால் வந்தார். "செத்த நேரம் பொறுங்க ஃபாதர். பாத்துட்டுச் சொல்றேன்."

கூட்டம் சிரித்தது. "இன்னமும் பாத்துட்டே இருக்கியாம்மா?" என்றார் செயலாளர். "இப்ப வேணாம்மா, அப்புறம் பாப்போம்" என்றார் சாமியார், தணிவாகத்தான். மறுநாள் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும் என்று அன்று மாலையே குழு முடிவெடுத்தது.

திங்கட்கிழமை அவர் சாவியோடு வந்தார். செயலாளரும் நானும் இருந்தோம். ஒப்படைப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்றார். முதல் பெட்டியைப் பென்டிரைவில் எழுப்பி, மதர்போர்டில் இருந்த அந்த வரியைத் திரைக்கு வரவழைத்து, நோட்டோடு ஒப்பிட்டார்.

"வரி நான் எழுதுன மாதிரியே இருக்கு. அது கேக்குற டிஸ்க்குத்தான் இதுல இல்ல."

பெட்டியைத் திறந்தார். உள்ளே ஏழாம் எண் வன்தட்டு இருந்தது.

"டிஸ்க்கக் கழட்டினது யாரு?"

சனிக்கிழமை முழுவதும் அப்போதுதான் எனக்குள் திரும்பி வந்தது. அந்தக் கேள்விக்கும் செயலாளரின் பதிலுக்கும் இடையில் எனக்கு எவ்வளவு நேரம் இருந்தது தெரியுமா? ஒரு முழு வாக்கியம் சொல்லும் நேரம் இருந்தது. என் தொழிலே நேரத்துக்குள் பேசி முடிப்பது. நான் வாயைத் திறக்கவில்லை.

"நீதாம்மா கழட்டிருப்ப. ஒனக்குத்தான் எந்நேரமும் கழட்டிப் பாக்குற புத்தி" என்றார் செயலாளர்.

அவர் மறுக்கவில்லை. ஒன்பது பெட்டிகளையும் திறந்து, எண் பார்த்து, அந்தந்த வன்தட்டை அந்தந்தப் பெட்டியில் மாட்டினார். ஒன்றை மாட்டி, எழுப்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். எனக்கு அப்போதும் எரிச்சல் வந்தது என்றால் நம்புவீர்களா? வந்தது. முதல் திரை எழுந்தபோது, அதில் ஒலிவாங்கியும் கையும், கீழே என் பெயரும் பளிச்சென்று நின்றன.

"அட, மன்றத்துச் சின்னம் சோக்கா இருக்கே" என்றார் செயலாளர்.

அவர் அந்தப் படத்தைச் சற்று நேரம் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. இரண்டாவது பெட்டிக்குப் போனார். ஒன்பதும் எழுந்ததும் நோட்டில் ஏதோ எழுதி மூடினார். சாவி வளையத்தை மேசைமேல் வைத்தார். பின்னறையிலிருந்து இரண்டு பைகளோடு வெளியே வந்து, அண்ணன் ஊருக்குப் போக வத்தலக்குண்டு பேருந்துக்கு நடந்தார். திருடிய பாகங்களைப் பயந்துபோய்த் திரும்ப மாட்டிவிட்டுப் போனார் என்று ஊர் பேசியது. நான் கேட்ட கேள்விக்கு ஊர் எழுதிக்கொண்ட விடை அது.

என் கோபம் இதுதான். ஏன் சொல்லவில்லை? என் பெயரே திரையில் எழுதியிருக்கும்போது விரலை நீட்டி, இவன்தான் என்று ஏன் கூவவில்லை? இரண்டு மாதம் அந்தக் கோபத்திலேயே திரிந்தேன். அவருடைய மௌனம் ஒரு திமிர் என்று நண்பர்களிடம் அடித்துப் பேசினேன். பிறகு ஒருநாள், படிப்பகத்தில் ஒரு கணினி மக்கர் செய்ய, எவனுக்கும் ஒன்றும் விளங்காமல் அந்த நீள நோட்டைத் தேடி எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் நான்கு வரிகள் இருந்தன.

"ஒன்பது பெட்டி. வன்தட்டுகள் இடம் மாறியிருந்தன. திருப்பி மாட்டியது, சரி. மாற்றியது யார்: பார்க்கவில்லை."

என் பெயர் ஒளிர்ந்த திரையைப் பார்த்த பிறகு எழுதிய வரி அது. படம் என்னுடையது என்பதை அவர் பார்த்தார். கழற்றிய கை என்னுடையது என்பதைப் பார்க்கவில்லை. அதனால் சொல்லவில்லை. வேலையும் அறையும் பெயரும் போய்க்கொண்டிருந்த நேரத்தில்கூடச் சொல்லவில்லை. அந்த நோட்டைச் சுவரில் எறிந்தேன். எடுத்து, தூசி தட்டி வைத்துவிட்டு, சேவுகம்பட்டிக்குப் பேருந்து ஏறினேன்.

வழி நெடுக ஒரு மன்னிப்பு உரையைக் கட்டினேன். முன்னுரை இருந்தது, மூன்று உட்பிரிவுகள் இருந்தன. அண்ணன் வீட்டு வாசலில் அவர் முருங்கைக்காய்களைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"மைக்குல பேசுன தம்பியா? ஏன் அப்பு, இன்னும் ஏதாச்சும் காணாமப் போச்சா?"

"அண்ணே, செத்த சும்மா இரு" என்றார் அவர். "வாங்க தம்பி. தண்ணி குடிக்கிறீங்களா?"

கட்டி வந்த உரையை அங்கேயே விட்டேன். "டிஸ்க்கக் கழட்டினது நான்தான்க்கா" என்றேன்.

கையிலிருந்த கட்டை முடிச்சிட்டுக் கீழே வைத்தார். பிறகு மறுபடி கட்டத் தொடங்கினார். "அன்னைக்குத் தெரியாமத்தான் கேட்டேன். இப்பத் தெரிஞ்சிருச்சு" என்றார். இன்னொரு கட்டு முடிந்தது. "எங்கிட்டச் சொல்லி ஆகப்போறது என்ன தம்பி? கை தட்டுனவுங்க அங்கல்ல இருக்காங்க."

"அவரு அங்க போயும் அழகாப் பேசி மழுப்பிருவாரும்மா. இங்க களவாணிப் பட்டத்தோட நீதான் உக்காந்திருக்கணும்" என்றார் அண்ணன்.

அண்ணன் சொன்னது நியாயம். அன்று நான் கொடுத்த வாக்கை நிறைவேற்ற எனக்கு ஒரு ஞாயிறு போதவில்லை. மூன்று ஞாயிறுகள் பிடித்தன. முதல் இரண்டிலும் ஆலய வாசல் வரை வந்து திரும்பினேன், மூன்றாவதில்தான் சொன்னேன். சாட்சியாக நிற்கிற உங்களிடம் அதை மறைத்தால், வழக்கத்துக்குத் திரும்பிவிட்டேன் என்று அர்த்தம். ஆனால் வாக்கைக் கொடுக்கும்போது தயங்கவில்லை. அண்ணன் வீட்டு வாசலில் நின்று, பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி உரக்கவே சொன்னேன்:

"வர்ற ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு சனம் வெளிய வரும்போது, அதே மைக்குல, டிஸ்க்கக் கழட்டினதும் நான், அவுங்கமேல பழியப் போட்டதும் நான்னு சொல்றேன். சொல்லிட்டு எறங்கி ஓடமாட்டேன், அங்கயே நிப்பேன். யாரு என்ன ஏசினாலும் பதில் பேசமாட்டேன்."